எந்த டப்பாவுல இருக்கு? - குறிச்சொற்களின் மெட்ராஸ் கதை

2009-ல எங்க பெரியப்பா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். நான் தப்பா பதில் சொன்னேன். அந்தத் தப்புக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு, அதுல பாதி நம்ம மெட்ராஸ்ல நடந்ததுங்கறது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. அதைத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நீளம். காபி கலந்து எடுத்துட்டு வந்து உக்காருங்க.

பெரியப்பா மந்தைவெளிக்காரர். அரசாங்க ஆபீஸ்ல கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மயிலாப்பூர் பற்றி அவருக்கு ஞாபகம் ஏராளம். 1953-ல நின்றுபோன டிராமில் லஸ்ஸில் ஏறினது, தெப்பம் பார்க்கப் போய்த் தொலைந்துபோனது, அறுபத்துமூவர் அன்னைக்கு வீட்டு வாசலில் பானகம் கொடுத்தது. இதையெல்லாம் எழுதி வைக்கணும்னு அவருக்கு ஆசை. வீட்டில் ஒரு பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் இருந்தது. நான் அப்போ லினக்ஸ் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்தேன். அந்த வருஷம் பிப்ரவரியில்தான் டெபியன் 5.0 வந்திருந்தது. நண்பன் எரித்துக் கொடுத்த டிவிடிகளை வைத்து அவருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் பெரியப்பா கேட்டார்: "ஏண்டா, இதுல தமிழ் அடிக்க முடியுமா?"

லினக்ஸ்ல ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியா மூட்டை கட்டி வச்சிருப்பாங்க. பேக்கேஜ்னு சொல்லுவாங்க, நம்ம ஆட்கள் அழகா 'பொதி'ன்னு சொல்றாங்க. அந்த டெபியனில் இருபத்து மூவாயிரத்துக்கு மேல் பொதிகள். நான் பட்டியலைத் திறந்து கண்ணை ஓட்டினேன். தமிழ் எழுத்துரு கிடைத்தது. அதை வைத்துப் படிக்கலாம், எழுத முடியாது. தட்டச்சு செய்ய ஏதாவது இருக்கான்னு இன்னும் ரெண்டு மூணு பிரிவில் பார்த்தேன். தமிழ்ங்கற பேரே கண்ணில் படலை.

"இல்ல பெரியப்பா, இதுல படிக்க மட்டும்தான் முடியும் போல"ன்னு சொல்லிட்டேன்.

அவர் ஒண்ணும் சொல்லலை. "பரவால்ல விடு"ன்னு லாங் சைஸ் நோட்டு வாங்கி பேனாவால் எழுத ஆரம்பிச்சார்.

பொருள் அந்த டிவிடிக்குள்ளேயே இருந்தது, சார். எம்17என்-கான்ட்ரிப் என்ற பொதி. அதோடு ஸ்கிம்-எம்17என் என்று இன்னொன்று. 'எம்17என்' என்பது பன்மொழியாக்கம் என்பதற்கான நீளமான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். முதல் எழுத்து எம், கடைசி எழுத்து என், நடுவில் பதினேழு எழுத்து. பேரிலும் தமிழ் இல்லை, பக்கத்தில் இருந்த ஒரு வரி விளக்கத்திலும் தமிழ் இல்லை. உள்ளே இருந்தது என்ன தெரியுமா? தமிழ்99 விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை. சென்னையில் பிறந்த ஒரு பொருள், சென்னையில் ஒருத்தர் மேஜை மேல் இருந்த டிவிடிக்குள்ள, சென்னைக்காரனுக்கே புரியாத பேரில் உட்கார்ந்திருந்தது.

இல்லாத பொருளுக்கும், இருந்தும் தேடினவன் கையில் கிடைக்காத பொருளுக்கும் தேடினவன் கணக்கில் வித்தியாசம் கிடையாது. இதான் இந்தக் கட்டுரையின் மொத்த விஷயமே.

ஒரு பொருள், ஒரு டப்பா

அப்போ டெபியனில் பொதிகளைப் பிரித்து வைத்திருந்த விதத்தைச் சொல்கிறேன். முப்பது சொச்சம் பிரிவுகள். விளையாட்டு, ஒலி, கணிதம், அஞ்சல், உரை, நிரலகம் இப்படி. ஒரு பொதி ஒரே ஒரு பிரிவில்தான் இருக்கலாம் என்பது விதி. எதிலும் ஒட்டாததுக்கு 'இதர' என்று ஒரு பிரிவு, 'பயன்பாடுகள்' என்று இன்னொரு பிரிவு. நம்ம வீட்டுப் பரண் மாதிரி.

தமிழுக்கு என்ன நடந்தது? எழுத்துரு திரைச் சாளரங்களுக்கான பிரிவில் இருந்தது. எழுத்துப்பிழை பார்க்கும் ஆஸ்பெல்லின் தமிழ் அகராதி உரைப் பிரிவில். தட்டச்சு செய்கிற பொதி இது ரெண்டும் இல்லாத வேறொரு மூலையில். மூணு பேரும் ஒரே குடும்பம், மூணு பேரும் வேற வேற தெரு. பெரியப்பாவுக்கு மூணுமே வேணும்.

2009 மார்ச்சில் டெபியன்காரர்கள் புதுசா ஒரு டஜனுக்கு மேல் பிரிவுகள் சேர்த்தார்கள். எழுத்துருவுக்கு ஒன்று, மொழிபெயர்ப்புகளுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. நல்ல காரியம்தான். ஆனா கேள்வி அப்படியே இருந்தது. தமிழ் எழுத்துருவை எழுத்துருப் பிரிவில் வைப்பதா, மொழிப் பிரிவில் வைப்பதா? எத்தனை அறை கட்டினாலும், ஒரு பொருள் ஒரு அறையில்தான் என்கிற விதி இருக்கிறவரை யாரோ ஒருத்தர் தப்பான கதவைத்தான் தட்டுவார்.

இந்தச் சிக்கல் மயிலாப்பூர்க்காரர்களுக்குப் புதுசில்லை. கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை இருக்கே, நூறு வருஷத்துக்கு மேலான நாட்டு மருந்துக் கடை, அந்த மாதிரிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக டப்பாக்கள். ஒரு டப்பாவில் ஒரு சாமான். சுக்கு ஒன்றில், திப்பிலி ஒன்றில், சித்தரத்தை ஒன்றில். அலமாரியில் சுக்குக்கு ஒரே இடம்தான்.

ஆனா வர்றவங்க "சுக்கு குடுங்க"ன்னு மட்டுமா கேக்கறாங்க? "இருமலுக்கு ஏதாவது குடுங்க"ன்னு ஒருத்தர். "தீபாவளி லேகியத்துக்கு சாமான்"னு இன்னொருத்தர். "பிள்ளை பெத்தவளுக்கு"ன்னு ஒரு பாட்டி. மூணு பேருக்கும் போகிற பொட்டலத்தில் சுக்கு இருக்கும். வசம்பு இன்னும் விசேஷம். பிள்ளை வளர்ப்பான்னு ஒரு பேர், பேர் சொல்லாததுன்னு இன்னொரு பேர். பேரே சொல்லக்கூடாதுங்கற பொருளை எந்த எழுத்துவரிசையில் தேடுவீங்க? :-)

கடை எப்படி ஓடுது? கவுன்ட்டரில் நிற்பவரின் மண்டையில்தான் மொத்த அட்டவணையும் இருக்கு. லஸ் பக்கம் பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் விற்றவர்களிடமும் இதைப் பார்த்திருப்பீர்கள். மலை மாதிரிக் குவியல், வெளியாளுக்கு ஒண்ணும் புரியாது, கேட்டால் குவியலுக்குள்ள கையை விட்டு உருவி எடுத்துத் தருவார். அற்புதம்தான். ஆனா அவர் ஒருநாள் வரலைன்னா அந்தக் குவியல் வெறும் காகிதம்.

மனுஷன் மண்டைக்குள் இருக்கும் அந்த அட்டவணையை வெளியில் எடுத்து எல்லாருக்கும் பொதுவா எழுதி வைக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் ஒரு கணக்கு வாத்தியார். மெட்ராஸ்காரர்.

அந்த ரங்கநாதன் வேற, இந்த ரங்கநாதன் வேற

ரங்கநாதன்னு சொன்னதும் நமக்கு தி.நகர்தான் ஞாபகம் வரும். மாம்பலம் ஸ்டேஷன், கூட்டம், பாத்திரக்கடை, பர்ஸ் பத்திரம். அந்தத் தெருவின் பேருக்கும் நான் சொல்லப்போகிறவருக்கும் சம்பந்தம் இல்லை. இவர் சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன். 1892-ல பிறந்தவர். சீர்காழியை அப்போ ஷியாலின்னு எழுதுவாங்க, அதனால் எஸ்.ஆர்.ரங்கநாதன். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, மங்களூர், கோயம்புத்தூர் எல்லாம் சுற்றிவிட்டு, கடற்கரையை ஒட்டின பிரசிடென்சி கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

1924 ஜனவரியில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். வந்த புதிதில் அவருக்கு வேலை பிடிக்கவே இல்லை. வாசகர் யாரும் வராத இடத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாமல், திரும்ப வகுப்பறைக்கே போகிறேன் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். முதலில் லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வா, அப்பவும் பிடிக்கலைன்னா பார்க்கலாம்னு அனுப்பி வைத்தார்கள்.

லண்டனில் அவர் பார்த்த நூலகங்கள் பலதிலும் இருந்தது அமெரிக்கர் மெல்வில் டூயி 1876-ல வெளியிட்ட தசம வகைப்பாடு. அறிவு மொத்தத்தையும் பத்தாகப் பிரி, ஒவ்வொன்றையும் பத்தாகப் பிரி, அதையும் பத்தாகப் பிரி. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்கெனவே எழுதி வைத்த பட்டியலிலிருந்து ஒரு எண். மேலேயிருந்து கீழே வரும் மரம். டெபியன் பிரிவுகளின் தாத்தான்னு வச்சுக்கோங்க.

பத்தாகத்தான் பிரிக்கணும்னா முதல் பத்தில் யாருக்கு இடம்? டூயியின் இலக்கியப் பிரிவு 800. அமெரிக்க இலக்கியம் 810, ஆங்கிலம் 820, பிறகு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், லத்தீன், கிரேக்கம். மீதி உலகம் பூராவும் 890, 'பிற மொழிகள்'. அந்தப் பரணுக்குள்ள புகுந்து புகுந்து போனால் தமிழ் இலக்கியம்: 894.811. நூலகத்தில் தமிழ்ப் புத்தகத்தின் முதுகில் இந்த எண் ஒட்டியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் சின்ன வயசில் அது ஏதோ ரகசியக் குறியீடுன்னு நினைச்சேன். அது ரகசியம் இல்லை, 'இதர' என்பதன் முகவரி. ரெண்டாயிரம் வருஷத்து இலக்கியத்துக்கு ஆறு இலக்கம். ஆங்கிலத்துக்கு மூணு.

இதுல சதியெல்லாம் ஒண்ணும் இல்லை. டூயி தன் ஊர் அலமாரிக்குத்தான் பட்டியல் போட்டார். அவர் அலமாரியில் இருந்தது அந்தப் புத்தகங்கள். ஒரே மரம்னா நட்டவர் நின்ற இடத்திலிருந்துதான் கிளை விடும்.

ரங்கநாதனுக்கு உறுத்தியது வேறொரு விஷயமும். புதுப் புத்தகங்கள் ரெண்டு மூணு விஷயங்களைக் கலந்து பேசின. அதுக்கெல்லாம் முன்கூட்டியே எண் எழுதி வைக்க யாரால் முடியும்? அப்போதான் லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் ஒரு பொம்மையைப் பார்த்தார். மெக்கானோ செட். கொஞ்சம் இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு தடவை வண்டி, ஒரு தடவை கிரேன். இதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

அங்கேதான் பொறி தட்டியது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ரெடிமேடா எண் எதுக்கு? துண்டுகளை மட்டும் செய்து வைப்போம். புத்தகம் வந்ததும் பூட்டிக்கொள்வோம். பூட்டுகிற நட்டு போல்ட்டா ஒரு முக்காற்புள்ளி. ஆங்கிலத்தில் கோலன். 1925-ல ஊர் திரும்பி, மெட்ராஸ் பல்கலைக்கழக நூல்களை வைத்தே சோதித்துச் சோதித்து, 1933-ல 'கோலன் வகைப்பாடு' புத்தகத்தை வெளியிட்டார். நடுவில் 1928-ல மெட்ராஸ் நூலகச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். 1931-ல நூலகவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக்கினார். 1936-ல சேப்பாக்கத்தில் நூலகத்துக்குத் தனிக் கட்டடமும் வந்தது.

பட்டை தீட்டுவது

கோலன் முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பிரபலமான உதாரணம் ஒன்று உண்டு. 'இந்தியாவில் 1950களில் நுரையீரல் காசநோயை எக்ஸ்ரே மூலம் குணப்படுத்துவது பற்றிய ஆராய்ச்சி' என்று ஒரு புத்தகம் என்று வையுங்கள். மரத்தில் இதை எங்கே தொங்க விடுவீங்க? ரங்கநாதன் கேள்விகளாகப் பிரிக்கிறார். எந்தத் துறை? மருத்துவம், அதுக்கு எல் என்ற எழுத்து. எந்த உறுப்பு? நுரையீரல், 45. என்ன நோய்? காசநோய், 421. என்ன செய்கிறார்கள்? சிகிச்சை, 6. எதனால்? எக்ஸ்ரே, 253. எங்கே? இந்தியா, 44. எப்போது? 1950கள், அதுக்கு ஒரு குறி. எல்லாத்தையும் கோர்த்தால் அதுதான் புத்தகத்தின் எண்.

இந்த ஒவ்வொரு கேள்விக்கும் ஆங்கிலத்தில் ஃபேசெட் என்று பேர். வைரத்தின் பட்டைக்கும் அதே சொல்தான். பட்டை தீட்டின வைரம்னு சொல்றோம் இல்லையா, அந்தப் பட்டை. கல் ஒன்றுதான், திருப்பத் திருப்ப வேற வேற பக்கம் மின்னும். நீங்க எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கல் உங்க கண்ணில் படும். பின்னால் எல்லாப் பட்டைகளையும் ஐந்து வகையில் அடக்கினார்: அது எது, எதனால் ஆனது, என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. 1952-ல வந்த நான்காம் பதிப்பில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறுத்தக்குறியும் கொடுத்தார்.

கொசுறு ஒன்று. கோலன் முறையில் மொழிக்கு எண் உண்டு. ஆங்கிலம் 111. தமிழ் 31. தமிழ் இலக்கியம்னா இலக்கியத்துக்கான 'ஓ' எழுத்தோடு 31, அவ்ளோதான். 894.811 எங்கே, ஓ31 எங்கே! அலமாரி எந்த ஊரில் நிற்கிறதோ அந்த ஊருக்கு ஏற்ற மாதிரி மொழியையும் இடத்தையும் பூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இதில் இருக்கும் மரியாதை.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். கோலன் வகைப்பாடு உலகத்தை வெல்லவில்லை. எண்கள் நீளம், பதிப்புக்குப் பதிப்பு மாற்றம், இந்தியாவுக்கு வெளியே எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. டூயிதான் இன்னைக்கும் பெரும்பாலான இடங்களில். ஆனா பட்டை என்கிற யோசனை ஜெயித்தது. லண்டனில் 1952-ல உருவான வகைப்பாட்டு ஆய்வுக் குழு, தகவல் தேடல் முறைகள் அனைத்துக்கும் பட்டை முறைதான் அடிப்படையாக இருக்கணும் என்று 1955-ல அறிக்கையே விட்டது.

தி.நகர் புடவைக்கடைக்கே வாங்களேன். முதல் மாடி பட்டு, ரெண்டாவது மாடி காட்டன். அது டூயி. "மாம்பழக் கலர், சின்ன பார்டர், அஞ்சாயிரத்துக்குள்ள"ன்னு கேட்டா எந்த மாடின்னு பதில் சொல்ல முடியாது, விற்பனையாளர் மண்டையைத்தான் நம்பணும். அதே புடவையை இணையத்தில் வாங்கும்போது இடப்பக்கம் நிறம், விலை, துணி என்று சின்னச் சின்னக் கட்டங்கள் டிக் அடிக்கிறோம் பாருங்க, அது ரங்கநாதன். ரங்கநாதன் தெருவுக்கும் ரங்கநாதனுக்கும் நான் கண்டுபிடித்த ஒரே சம்பந்தம் இதுதான். :-)

பொதிகளுக்கு வந்த பட்டை

மறுபடியும் டெபியனுக்கு வருவோம். 2010 வாக்கில் ஒரு சனிக்கிழமை, அடையாறு தாண்டி ஐஐடி வளாகத்தில் நடந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். டீ குடிக்கும்போது பெரியப்பா கதையைப் புலம்பினேன். பக்கத்தில் இருந்த நண்பர் சிரித்துக்கொண்டே, "நீங்க ஏன் சார் பிரிவுல தேடறீங்க, டெப்டேக்ஸ்ல தேடுங்க"ன்னார். அதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்லை.

டெப்டேக்ஸ் என்பது டெபியன் பொதிகளுக்குக் குறிச்சொல் போடும் திட்டம். 2003-ல இத்தாலிக்காரர் என்ரிகோ ஜினி ஆரம்பித்தது. ஒரு பொதிக்கு ஒரு பிரிவு என்ற விதியைத் தொடாமல், கூடவே எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றார். அதைவிட முக்கியமா, குறிச்சொல்லைத் தன்னிஷ்டத்துக்கு அடிக்க விடவில்லை. ஒவ்வொரு குறிச்சொல்லும் ஒரு பட்டையைச் சேர்ந்தது. ஆமாம், அதே சொல், ஃபேசெட். நூலகவியலிலிருந்து நேராக எடுத்தது.

படம் பார்க்கிற ஒரு மென்பொருளை எடுத்துக்கோங்க. இது என்ன மாதிரி ஆள்? ரோல்::புரோகிராம். என்ன செய்ய? யூஸ்::வியூயிங். எதை வைத்து? வொர்க்ஸ்-வித்::இமேஜ். முகப்பு எப்படி? இன்டர்ஃபேஸ்::எக்ஸ்11. எந்த மொழியில் எழுதியது, எந்தத் துறைக்கு, எதனால் ஆனது, எல்லாத்துக்கும் தனித்தனிப் பட்டை. எழுத்துருன்னா மேட்-ஆஃப்::ஃபான்ட். அகராதின்னா மேட்-ஆஃப்::டிக்ஷனரி. ரங்கநாதனின் 'எதனால் ஆனது, என்ன நடக்கிறது' இங்கே உயிரோட நிற்கிறது. பட்டைக்கும் குறிச்சொல்லுக்கும் நடுவில் என்ன குறி இருக்குன்னு பார்த்தீங்களா? முக்காற்புள்ளி. அதுவும் ரெண்டு! தற்செயல்தான், கணினி மொழிகளில் சகஜமான குறிதான். இருந்தாலும் முதல் தடவை பார்த்தபோது சேப்பாக்கம் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன்.

பண்பாட்டுக்கும் ஒரு பட்டை இருக்கு. அதுக்குள்ள கல்ச்சர்::தமிழ் என்று ஒரு குறிச்சொல். லத்தீன் எழுத்தில் இல்லாத மொழிகளைத் தட்டச்சு செய்யும் கருவிகளுக்கு ஆக்சசிபிலிட்டி::இன்புட். ரெண்டையும் சேர்த்துக் கேட்டால், தமிழ் அடிக்க என்ன இருக்கு என்பதுதான் கேள்வி. பெரியப்பா கேட்ட அதே கேள்வி, அட்சரம் பிசகாமல்.

நாம ஒட்டின லேபிள்கள்

இந்த இடத்தில் நம்ம கதையையும் சொல்லணும், கோச்சுக்கக் கூடாது. 2003-ல டெலிஷியஸ், 2004-ல ஃப்ளிக்கர்னு வந்து யார் வேணும்னாலும் எந்தச் சொல்லையும் ஒட்டலாம்னு ஆனபோது எல்லாருக்கும் கொண்டாட்டம். நாமும் ஒட்டினோம். என் பழைய லேபிள்களைப் போன மாதம் எண்ணிப் பார்த்தேன். சென்னை, மெட்ராஸ், சிங்காரச் சென்னை, மூணும் இருக்கு. சினிமா, திரைப்படம், திரை விமர்சனம். 'பொது'ன்னு ஒண்ணு, 'மொக்கை'ன்னு ஒண்ணு, 'சும்மா'ன்னு ஒண்ணு. 'சும்மா'வில் நாற்பது இருக்கு. அதில் ஒன்று பெரியப்பா சொல்லி நான் எழுதிய டிராம் கதை. அதைக் கண்டுபிடிக்க எனக்கே அரை மணி நேரம் ஆச்சு. வசம்பை டப்பாவில் போட்டுவிட்டுப் பேர் ஒட்டாமல் விட்ட கதை.

அப்போ எனக்குப் புரிஞ்சது இதுதான். குறிச்சொல்னா பொருள் மேல் ஒட்டும் ஸ்டிக்கர்னு நினைத்திருந்தேன். இல்லை. அது ஒரு கேள்விக்கான பதில். கேள்வி எதுன்னு முடிவு பண்ணாமல் பதிலை மட்டும் ஒட்டினால் 'சும்மா'வில்தான் போய் முடியும். எந்த ஊர், எந்தக் காலம், எதைப் பற்றி, என்ன வகை என்று நாலு கேள்வி வைத்துக்கொண்டு ஒட்டியிருந்தால் போதும்: மயிலாப்பூர், 1950கள், டிராம், நினைவு. பட்டை என்பது அந்தக் கேள்விதான். மெட்ராஸ் உலகத்துக்குக் கொடுத்ததும் அந்தக் கேள்விதான். ஒட்டும் பழக்கம் பழசு. பொருளைத் தேடி வரும் ஆள் என்ன கேட்பான் என்று முதலில் யோசிப்பதுதான் புதுசு.

ஆனா இதுவும் மந்திரம் இல்லை. டெப்டேக்ஸில் ஒரு குறிச்சொல் உண்டு, 'இன்னும் குறிச்சொல் இடப்படவில்லை' என்று சொல்வதற்கே. ஒரு பொதிக்கு கல்ச்சர்::தமிழ் என்று ஒட்ட வேண்டுமானால், அதுக்குள்ள தமிழ் இருக்கு என்று தெரிந்த ஒரு ஆள் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். கணினி ஊகிக்கலாம். எம்17என் என்ற பேரைப் பார்த்து மந்தைவெளிப் பெரியவர் ஞாபகம் அதுக்கு வருமா? ரங்கநாதனும் எண்களை மட்டும் கண்டுபிடித்துவிட்டு உட்காரவில்லை. மெட்ராஸ் நூலகச் சங்கம் 1929-லேயே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது, பிறகு பல்கலைக்கழகமே அதை ஏற்று நடத்தியது. பட்டை தீட்ட ஆள் வேணும்னு அவருக்குத் தெரிந்திருந்தது. 1945-ல மெட்ராஸை விட்டுப் போன பிறகும், 1972-ல காலமாகிறவரை இதே வேலைதான்.

அவருடைய ஐந்து விதிகளில் ரெண்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு என்பது ஒன்று. அதைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது அடுத்தது. முதலாவது எல்லாருக்கும் புரியும். ரெண்டாவதுதான் அடிவயிற்றில் இறங்கியது. பெரியப்பா மட்டும் தேடிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பொதியும் டிவிடிக்குள் பெரியப்பாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நடுவில் நின்று ரெண்டு பேரையும் அறிமுகம் செய்ய வேண்டியவன் நான். "இல்ல பெரியப்பா"ன்னு சொல்லிட்டேன்.

ஐஐடியிலிருந்து வந்த அடுத்த வாரமே போய் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். தமிழ்99-ல 'அம்மா'ன்னு அடித்துக் காட்டினேன். பெரியப்பா ரொம்ப சந்தோஷப்பட்டார். ஆனா அதுக்குள்ள ரெண்டு நோட்டு எழுதி முடித்திருந்தார், கண்ணும் மங்க ஆரம்பித்திருந்தது. "இனிமே விசைப்பலகை எல்லாம் பழகறதுக்கு இல்லடா, நீ அப்புறமா அடிச்சுக்கோ"ன்னார். 2012-ல போய்ச் சேர்ந்தார். மொத்தம் நாலு நோட்டு.

இப்போ நான்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். மூணாவது நோட்டில் பாதி வரைக்கும் வந்தாச்சு. அவர் கையெழுத்தில் சில இடம் புரியவில்லை. கேட்க ஆள் இல்லை, அந்த அட்டவணை அவர் மண்டையில் இருந்தது.

ஒவ்வொரு பகுதியையும் அடித்து முடித்ததும் மேலே நாலு வரி எழுதுகிறேன். எந்த இடம், எந்த வருஷம், யார் யார், எதைப் பற்றி. நாளைக்கு யாரோ ஒருத்தர் லஸ் டிராம் பற்றியோ, குளத்துத் தெப்பம் பற்றியோ தேடிக்கொண்டு வருவார். அவருக்குப் பெரியப்பா பேர் தெரிந்திருக்காது. கேள்வி மட்டும்தான் தெரிந்திருக்கும். அது போதும்.

பி.கு.: உங்க வீட்டுப் பரணிலும் இப்படி நோட்டு ஏதாவது இருந்தா, ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி, எழுதினவர் கூட இருக்கும்போதே அந்த நாலு கேள்வியைக் கேட்டு மேலே எழுதி வச்சுடுங்க.